உமர் (ரலி) அளந்த உணவுப்படி

இஸ்லாத்தின் இரண்டாம் கலீஃபாவாகிய ஹஸ்ரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களின் வீரத்தையும் நீதியையும் நம் மேடைகள் ஓயாது முழங்கி வருகின்றன. பசித்தோர்க்கு உணவு பங்கிடும் பணியில் அன்னார் கைக்கொண்ட முறையோ அந்த அளவுக்கு எடுத்துரைக்கப்படுவதில்லை. எவருக்கு எவ்வளவு தேவை என்பதை அதிகாரிகளின் ஊகத்திற்கு விட்டுவிடாது, உண்பவரை முன்வைத்தே அவர்கள் முடிவு செய்தார்கள்.

மக்காவின் குறைஷிக் குலத்தில், பனூ அதீ கிளையில் பிறந்தவர்கள் உமர் (ரலி). இளமையில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்தவர்கள். தந்தை கடுமையானவர், வேலை வாங்குவதில் இரக்கம் காட்டாதவர். கலீஃபாவான பின்னரும், தாம் ஒட்டகம் மேய்த்த ளஜ்னான் என்னும் இடத்தைக் கடந்து செல்லும்போது அந்நாள்களை அவர்கள் நினைவுகூர்ந்ததுண்டு. பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவனின் நிலை அவர்களுக்கு ஏட்டறிவு அன்று.

ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களுக்குப் பின் ஆட்சிப் பொறுப்பு இவர்கள்பால் வந்தது. வழியில் கைப்பொருள் இழந்து தவிப்போர்க்கும் விருந்தினர்க்கும் உதவும் பொருட்டு, மாவு, வறுத்த மாவு, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை முதலியவற்றைச் சேமித்து வைத்த ஓர் இல்லத்தை மதீனாவில் ஏற்படுத்தினார்கள். அதற்கு மாவு இல்லம் என்றே பெயர். நள்ளிரவில் வெறும் நீரைக் கொதிக்கவைத்துப் பிள்ளைகளை உறங்கச் செய்ய முயன்ற பெண்ணுக்காகக் கலீஃபா தம் முதுகிலேயே மூட்டை சுமந்த வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர், விரிப்பது வேண்டா. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரில் நிற்பவர் யார் என்றறியாத அப்பெண், கலீஃபா தம்மைக் கவனிக்கவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே குறை கூறினார். அன்னார் சினம் கொள்ளவில்லை. அக்குறையையே கட்டளையாக ஏற்று விரைந்தார்கள்.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஹிஜாஸ் எங்கும் மழை பொய்த்தது. காய்ந்த மண் காற்றில் சாம்பல் போலப் பறந்தமையால் அவ்வாண்டுக்குச் சாம்பல் ஆண்டு என்று பெயர் வழங்கிற்று. பாலைவனக் குடிகள் திரள் திரளாக வந்து மதீனாவைச் சுற்றித் தங்கினர். சிரியாவிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் நாலாயிரம் ஒட்டகங்களில் உணவுப் பொருள் கொணர்ந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். பொருள் வந்து சேர்ந்தது; அது பசித்தவனின் வாய்க்குச் சென்று சேர்கிறதா என்பதை யார் அறிவது? நகரின் ஒவ்வொரு புறத்திற்கும் ஒருவராக மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) முதலியோரை நியமித்தார்கள் கலீஃபா. ஒவ்வொரு மாலையும் அவர்கள் ஒன்றுகூடி, அன்று மக்களிடையே தாம் கண்டவை அனைத்தையும் கலீஃபாவிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஓரிரவு, பந்தியில் உண்டவர்களை எண்ணுமாறு பணித்தார்கள். சுமார் 7,000 பேர் எனத் தெரிந்தது. அத்துடன் நிறுத்தவில்லை. பந்திக்கு வாராத குடும்பத்தினர், நோயாளிகள், சிறுவர்கள் ஆகியோரையும் எண்ணச் செய்தார்கள். அவர்கள் 40,000 பேர்! வாராதோரைப் பசியற்றோர் என்று கொள்ளாமல், மாவும் பேரீச்சம்பழமும் தொடுகறியும் அவரவர் இருப்பிடத்திற்கே அனுப்பப்பட்டன என இப்னு ஸஅத் எழுதுகிறார்.

அப்பஞ்ச காலத்தில் ஒருநாள், நெய்யில் பிசைந்த ரொட்டி கலீஃபாவின் முன் வைக்கப்பட்டது. நாட்டுப்புற அரபி ஒருவரை உடன் உண்ண அழைத்தார்கள். அவரோ தட்டின் ஓரத்தில் படிந்த நெய்யையே தேடித் தேடி வழித்துண்டார். காரணம் வினவியபோது, நெய்யையோ எண்ணெயையோ தாம் உண்டும், பிறர் உண்ணக் கண்டும் பல நாள்கள் ஆயின என்றார். மக்கள் முன்போல் செழிக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டது அப்போதுதான். எண்ணெயையே உண்டு அவர்களின் மேனி கறுத்துப் போயிற்று.

பஞ்சம் நீங்கியபின், ஹிஜ்ரி 20இல் (ஹிஜ்ரி 15 என்பாரும் உளர்) மானியப் பதிவேடு ஏற்பட்டது. மாத உணவுப்படியை வரையறுக்க வேண்டிய வேளையில் கலீஃபா செய்ததைப் பாருங்கள். ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கிச் சுடச்செய்து, எண்ணெயில் ஊறவைத்து, முப்பது பேரை அழைத்து வயிறார உண்ணச் செய்தார்கள். மாலையிலும் அவ்வாறே இன்னொரு ஜரீப். முப்பது பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஜரீப் எனில், ஒருவருக்கு முப்பது நாள்களுக்கும் அதுவே அளவு. ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு ஜரீப் என்று விதித்தார்கள். பசியின் அளவைப் பசித்த வயிறே கூறிற்று.

ஆனால் ஒரு விதியில் இடர் நேர்ந்தது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே மானியம் என்று முதலில் வகுத்திருந்தார்கள். வணிகர் கூட்டம் ஒன்று மதீனாவில் தங்கிய இரவு, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் காவலிருந்த கலீஃபா, ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டு மும்முறை அதன் தாயிடம் சென்றார்கள். யாரென்றறியாத அத்தாய், மானியத்திற்காகவே சில மாதக் குழந்தைக்குப் பாலை மறக்கடிக்க முயல்வதாகச் சலிப்புடன் கூறிவிட்டார். அன்று சுப்ஹுத் தொழுகையில் அழுகையின் மிகுதியால் கலீஃபா ஓதியது பின்னிருந்தோர்க்கு விளங்கவில்லை. தொழுது முடித்ததும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் மானியம் உண்டு எனப் பறைசாற்றுவித்து, மாகாணங்கள் அனைத்திற்கும் எழுதினார்கள். ஒரு தாயின் சொல்லால் பேரரசின் சட்டம் மாறியது.

இன்று ஜகாத்தும் ஃபித்ராவும் பங்கிடும் நம் குழுவினர் பட்டியல் எழுதுவதில் வல்லவர்கள். அரிசியைப் பெறும் விதவையின் வீட்டில் அடுப்பெரிக்க வழியுண்டா, அவளுக்குத் தேவை அரிசிதானா மருந்தா என்று கேட்டறிந்து எழுதுவோர் எத்தனை பேர்? பெறுபவரைக் கேட்பது கொடுப்பவரின் கண்ணியத்திற்கு இழுக்கென எண்ணுவோரையும் காண்கிறோம். அமீருல் முஃமினீன் அவர்கள் அவ்வாறு எண்ணவில்லையே!

குஸாஆ குலத்தின் பதிவேட்டைத் தாமே சுமந்து குதைத் என்னும் ஊருக்குச் செல்வார்கள். கன்னியரும் மணமானவரும் ஒருவர் விடாமல் அங்கு வருவர். அவரவர் கையிலேயே மானியத்தை அளிப்பார்கள். பின்னர் உஸ்ஃபான் சென்று அங்கும் அவ்வாறே செய்வார்கள். அவர்களின் ஆயுள் முடியுமட்டும் இது நடந்தது.

தொலைவிலுள்ள நாட்டவர் என் செய்வர் என்ற கவலை அவர்களை விட்டபாடில்லை. ஆளுநர்கள் மக்களின் குறைகளைத் தம்மிடம் சேர்ப்பிப்பதில்லை, அம்மக்களாலோ தம்மிடம் வந்து சேர இயலுவதில்லை என்று வருந்தி, ஓராண்டு முழுதும் சுற்றுப்பயணம் செய்யத் திட்டமிட்டார்கள். சிரியா, ஜஸீரா, எகிப்து, பஹ்ரைன், கூஃபா, பஸரா ஆகிய ஆறிடங்களிலும் இவ்விரண்டு மாதங்கள் தங்குவது என்பது ஏற்பாடு. ஹிஜ்ரி 23 (கி.பி. 644) துல்ஹஜ் மாத இறுதியில், சுப்ஹுத் தொழுகையின்போது அபூ லுஃலுஆ என்பவனின் கத்திக்கு இலக்காகி அவர்கள் ஷஹீதானார்கள். அப்பயணம் நடைபெறவில்லை.