ஓரணாச் சிற்றுண்டி தந்த தியாகராயர்

நம் மெட்டுகுடாக் குடியிருப்பில் ஒரு வீட்டில் திருமணம் நிச்சயமாகிவிட்டால், அடுத்த வேலை ரயிலேறித் தியாகராய நகருக்குப் போய் முகூர்த்தப் புடவை எடுப்பதுதான். உஸ்மான் சாலையையும் பனகல் பூங்காவையும் உள்ளங்கை போல் அறிந்த நம் தாய்மாருள் பலர், அந்நகருக்குப் பெயர் தந்த தியாகராயர் யாரென்று அறியார். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளே என்று எண்ணுவோரும் உளர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

பிட்டி தியாகராய செட்டியார் 1852ஆம் ஆண்டு, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குலத்தில் பிறந்தார். தெலுங்கு நாட்டில் குடியேறிய தமிழராகிய நமக்கு, தமிழர் தலைநகரில் வாழ்ந்து அதற்கு உழைத்த அத்தெலுங்கர்பால் தனிப்பற்று உண்டாவது இயல்பே. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றும் அவர் சர்க்கார் உத்தியோகத்தை நாடினாரல்லர். நெசவுத் தொழிலிலும் வாணிகத்திலும் ஈடுபட்டார். எப்போதும் வெள்ளுடையே உடுத்தமையால் 'வெள்ளுடை வேந்தர்' எனப் பெற்றார்.

1916ஆம் ஆண்டு டாக்டர் டி. எம். நாயர் முதலியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய சங்கமே பின்னர் நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. அதனை ஏற்க மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியில் அமர்ந்தார். அரசியற் செய்திகள் இன்னும் பல உள. அவற்றை வரலாற்று நூல்களுக்கு விட்டுவிடுவோம்.

நாம் சொல்ல வந்தது சென்னை நகராண்மைக் கழகத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்கழகத்தில் உறுப்பினராயிருந்து, ஈற்றில் அதன் தலைவருமானார். ஆயிரம் விளக்குப் பகுதியில் கழகம் நடத்திய பள்ளியில் பிள்ளைகள் மிகவும் ஏழைகள் என்பதும், அவ்வறுமையால் பள்ளியில் மாணவர் தொகை பெரிதும் குறைகின்றது என்பதும் அவர் கருத்தில் பட்டன. இலவசமாகப் படிப்புச் சொல்லித் தந்தால் மட்டும் போதுமா? வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை எத்தனை நாள் வரும்? நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட்டு மதியச் சிற்றுண்டி வழங்கலாம் என்று அவர் முன்வைத்த யோசனையை 1920ஆம் ஆண்டு கழகம் ஏற்றது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு!

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. 1922-23இல் அவ்வைந்து பள்ளிகளிலும் பயின்றோர் 811 பேர்; 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கு மேல். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்திருந்தாலும் இவ்வளவு பேர் வந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஆயினும் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடுதல் கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மனோர்க்கு இது புதிதன்று. செலவு நல்லதா தீயதா என்று எவரும் கேளார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதே கேள்வி. தணிக்கைக்காரர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தால், அக்கோட்டின் மறுபுறம் ஒரு குழந்தையின் இலை இருக்கலாம் என்பது தாளில் தெரிவதில்லை. ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் 1906ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கு உள்ளூர் வரிப்பணத்தைச் செலவிட அனுமதித்திருந்தனர்! அதே சமயம், 1925இல் சென்னையில் அமைச்சரவை நடத்தியது தியாகராயரின் கட்சியே என்பதையும் நாம் மறைத்தல் தகாது.

அவ்வாண்டிலேயே தியாகராயர் மறைந்தார். கழகத்தார் வாளாவிருக்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்று, 1927-28இல் ஏறத்தாழ ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டியை மறுபடியும் கொண்டுவந்தனர்.

அதன்பின் நேர்ந்தவை நம் வீட்டுப் பெரியோர் அறிந்தவையே. 1956இல் காமராசர், ஊரார் தரும் பொருளோடு சர்க்கார் பங்கையும் சேர்த்து மதிய உணவைத் தமிழ்நாடெங்கும் பரப்பத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது; 2003இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலும் சோறு வந்தது. இன்று நம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் சோற்றோடு முட்டையும் கிடைக்கின்றது. நம் பிள்ளைகள் டப்பாவில் ரொட்டியும் ஜாமும் கொண்டு போகும் நாட்களில், எவர் உணவு மேல் என்று நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தியாகராயரின் சிலை சென்னை ரிப்பன் மாளிகையின் முன் நிற்கின்றது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்தாலும் சில நிமிடங்களே ஆகும்; புடவைக் கடைகள் அதற்குள் மூடிவிடமாட்டா.