ஈலை விட்னியும் அரத்தின் கீறலும்

அமெரிக்காவில் வெஸ்ட்பரோ என்னும் ஊரில் 1765-ஆம் ஆண்டு பிறந்த ஈலை விட்னி, சிறுவராயிருந்தபோதே தந்தையின் பட்டறையில் ஆணி செய்து பழகியவர். 1792-இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். பருத்தி விதை நீக்கும் பொறியால் அவர் பெற்ற புகழை நம் மாணவர் அறிவர்; நாம் அவருடைய துப்பாக்கிச் சாலையுட் புகுவோம்.

அக்காலத்துக் கம்மியர் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து அதன் இணையோடு பொருத்துவர். ஆதலின் ஒன்றில் முறிந்த உறுப்புக்கு மற்றொன்றினது உதவாது. பொறிகளால் ஒரே அளவில் உறுப்புக்கள் செய்வதாகக் கூறிய விட்னி, 10,000 துப்பாக்கிகளை இரண்டாண்டில் அளிக்க 1798-இல் அரசாங்கத்தாரோடு ஒப்பந்தஞ் செய்தார். முடிந்ததோ 1809-இல்! இதனிடையே, 1801-இல், ஜெப்பர்ஸன் முதலியோர் முன்னிலையில் விசைப்பூட்டுக்களை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டி வியப்பூட்டினார்.

எஞ்சிய துப்பாக்கிகளைப் பிற்காலத்து ஆய்ந்தோரோ, அவற்றில் அரத்தின் கீறலையும், இணை மாறாதிருக்க இட்ட குறிகளையும் கண்டனர். உறுப்புக்கள் மாறிப் பொருந்தவில்லை. ஆயினும் அவரை வஞ்சகர் என நாம் கூறத் துணியோம். நோக்கம் பெரிது, கருவிகள் போதா. விட்னி 1825-இல் நியூஹேவனில் காலமானார். மாறிப் பொருந்தும் உறுப்புக்களை மெய்யாகவே அமைத்தவர், 1820-களில் ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதசாலையில் உழைத்த ஜான் ஹால்.