குரோடா சிகா அம்மையார்

மலருக்கு மணமும் உண்டு, நிறமும் உண்டு. மணத்தை மூக்கு அறியும். நிறத்தைக் கண் அறியும். ஆயின், அந்நிறம் எப்பொருளால் அமைந்தது, அதன் உட்கூறுகள் யாவை என்பவற்றைக் கண் அறியாது. ஆராய்ச்சியறிவு ஒன்றே அறியும். அவ்வறிவைத் துணைக்கொண்டு, வேரிலும் பூவிலும் காயின் தோலிலும் மறைந்து கிடந்த வண்ணங்களின் இயல்பை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர், ஜப்பான் நாட்டு வேதியியல் அறிஞர் குரோடா சிகா அம்மையார் ஆவார். பெண்கள் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தலும் அரிதாயிருந்த காலத்தில் அவர் கற்றார். கற்றதோடு அமையாது புதியன கண்டார்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1884 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள், ஜப்பானின் கியூஷூத் தீவிலுள்ள சாகா என்னும் ஊரில் பிறந்தார். குரோடா என்பது குடும்பப் பெயர். சிகா என்பது இயற்பெயர். குடும்பப் பெயரை முன்வைத்து வழங்குதல் அந்நாட்டு மரபாகும். அவருடைய தந்தையார், ஆண்மக்களைப் போன்றே பெண்மக்களும் கல்வி பெறுதல் வேண்டும் என்னும் கொள்கை உடையவர். அக்கொள்கையே மகளின் வாழ்வுக்கு வித்தாயிற்று.

சாகாவில் ஆசிரியப் பயிற்சி பெற்று 1901 இல் தேறிய சிகா, ஓராண்டு பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். பின்னர்த் தோக்கியோ நகரிலிருந்த பெண்கள் உயர்தர ஆசிரியர் கல்லூரியில் 1902 இல் சேர்ந்து, அறிவியற் பிரிவில் பயின்று, 1906 இல் தேறினார். ஓராண்டு வெளியூரில் கற்பித்த பின் மீண்டும் அக்கல்லூரிக்கே வந்து மேற்பயிற்சி பெற்றார். 1909 இல் அங்கேயே உதவிப் பேராசிரியராகவும் அமர்ந்தார். ஊதியமும் மதிப்பும் உள்ள பதவி அது. பெரும்பாலோர் அவ்வளவில் மனநிறைவு கொண்டிருப்பர். அம்மையாரின் கல்வி வேட்கையோ தணியவில்லை.

திறந்த கதவு

அக்காலத்தில் ஜப்பானிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆடவரே பயின்றனர். அவற்றுள் சேர்வதற்கு உயர்நிலைக் கல்லூரியில் தேறியிருத்தல் வேண்டும். அக்கல்லூரிகளிலோ பெண்களுக்கு இடமில்லை. ஆகவே, பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் எட்டாக் கனியாகவே இருந்தது. இந்நிலையில், செந்தாய் நகரில் 1907 இல் நிறுவப்பெற்ற தோகோக்கு பல்கலைக்கழகம், பிற வழிகளில் தகுதி பெற்றோர்க்கும் தன் கதவைத் திறந்தது. மூத்த வேதியியல் அறிஞரான நாகாய் நாகயோஷி என்பார், நுழைவுத் தேர்வு எழுதுமாறு சிகாவை ஊக்கினார்.

1913 ஆம் ஆண்டில் தேர்வு நடைபெற்றது. அம்மையாரோடு தாங்கே உமே, மகிதா ராகு என்னும் மங்கையர் இருவரும் தேறினர். செய்தி அறிந்த கல்வித்துறை அமைச்சகம் திகைத்தது. முன்னுதாரணம் இல்லாத இச்செயலுக்கு விளக்கம் வேண்டும் எனப் பல்கலைக்கழகத்துக்கு ஓலை விடுத்தது. அந்த ஓலையால் மூவருடைய எதிர்காலமும் ஊசலாடியது. ஆயினும் பல்கலைக்கழகம் தன் கொள்கையினின்று பின்வாங்கவில்லை, மூவரையும் சேர்த்துக்கொண்டது. உதவிப் பேராசிரியராயிருந்த சிகா, இருபத்தொன்பதாம் வயதில் மீண்டும் மாணவியாகி, ஆடவர் நிறைந்த வகுப்பில் அமர்ந்தார். 1916 இல் தேர்ச்சி பெற்று, ஜப்பானில் அறிவியல் இளங்கலைப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்னும் பெருமையை எய்தினார்.

வேரில் கண்ட ஊதா

செந்தாயில் அவருக்கு வாய்த்த ஆசான் மஜிமா ரிக்கோ, இயற்கைப் பொருள்களின் வேதியியலில் வல்லவர். ஆசானின் வழிகாட்டலில் அம்மையார் முராசாகி என்னும் செடியின் வேரை ஆராயத் தொடங்கினார். சிறிய வெண்பூப் பூக்கும் அச்செடியின் வேரில் ஊதாச் சாயம் உண்டு. பண்டை ஜப்பானில் அவ்வூதா, உயர்குடியினர் அணியும் ஆடைக்கு உரிய நிறமாகப் போற்றப்பட்டது. பல நூற்றாண்டுகளாக மக்கள் அச்சாயத்தைத் தோய்த்து உடுத்தனர். அதன் உள்ளமைப்பை ஒருவரும் அறிந்திலர். அம்மையார் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்துச் சிகோனின் எனப் பெயரிட்டு, அதன் அமைப்பை ஆராய்ந்தார். 1918 இல் தோக்கியோ வேதியியல் கழகத்தின் அவையில் அவ்வாராய்ச்சியை எடுத்துரைத்தார். அவ்வவையில் ஆய்வுரை நிகழ்த்திய முதற் பெண்மணியும் அவரே. அவ்வாண்டிலேயே தாம் முன்பு பயின்ற பெண்கள் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

மேனாட்டுப் பயணம்

1921 இல் அரசு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில், இளைய வில்லியம் பெர்க்கின் என்னும் பேராசிரியரிடம் அவர் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றார். இப்பேராசிரியரின் தந்தையாரே 1856 இல் செயற்கை ஊதாச் சாயத்தை முதன்முதல் ஆக்கியவர். இயற்கை ஊதாவின் இயல்பு கண்டவர், செயற்கை ஊதாவை ஆக்கியவரின் மைந்தரிடம் பயிற்சி பெற்றது பொருத்தமான நிகழ்ச்சியே.

1923 இல் அம்மையார் தாயகம் மீண்டார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெரு நிலநடுக்கமும், அதனைத் தொடர்ந்த தீயும் தோக்கியோ நகரைப் பாழாக்கின. அவருடைய கல்லூரிக் கட்டடங்களும் எரிந்து அழிந்தன. அம்மையாரின் ஊக்கம் அழியவில்லை. 1924 முதல் ரிக்கென் என வழங்கும் ஆராய்ச்சி நிலையத்திலும் ஆய்வு மேற்கொண்டு, கற்பித்தலையும் ஆராய்தலையும் இரு கண்களாகக் கொண்டு உழைத்தார்.

குசும்பப் பூவின் செம்மை

அங்கே அவர் எடுத்துக்கொண்டது குசும்பப் பூ. மஞ்சளாக மலர்ந்து நாளடைவில் சிவக்கும் இப்பூவிலிருந்து பெற்ற செஞ்சாயத்தை, ஜப்பானிய மகளிர் இதழுக்குப் பூசினர், பட்டுக்கும் ஊட்டினர். பூவில் மஞ்சள் மிகுதி. சிவப்போ மிகச் சிறிது. மஞ்சள் நீரில் கரைந்து நீங்கும். சிவப்பு காரநீரில் கரைந்து, புளிப்பு நீர் சேர்ந்தவுடன் படியும். எளிதில் கெடும் இயல்புடைய அச்சிவப்பைத் தூயதாகப் பெறுதல் அரிய செயல். ஆண்டுகள் பல முயன்று அம்மையார் கார்த்தமின் என்னும் அப்பொருளைப் படிகமாக்கி, அதன் அமைப்பை வகுத்துக் கூறினார். 1929 இல் அவருக்கு அறிவியற் பேரறிஞர் பட்டம் கிடைத்தது. ஜப்பானில் அப்பட்டம் பெற்ற பெண்மணிகளுள் அவர் இரண்டாமவர். பிற்காலத்தார் நுண்கருவிகளின் துணையால் கார்த்தமினின் அமைப்பை ஆராய்ந்து, அவர் கூறியதைத் திருத்தினர். எனினும் அவர்களுக்கு வழி வகுத்தது அம்மையாரின் உழைப்பே. ஒருவர் கண்டதை மற்றொருவர் திருத்த வளர்வதே அறிவியல்.

கத்தரிக்காயின் தோல், கறுப்பு அவரை, கடலில் வாழும் முள்ளெலி ஆகியவற்றின் நிறங்களையும் அவர் ஆராய்ந்தார். நாம் உரித்து எறியும் வெங்காயத் தோலையும் அவர் விட்டாரல்லர். அத்தோலிலிருந்து பெற்ற குவெர்செடின் என்னும் மஞ்சட் பொருள், அவருடைய ஆராய்ச்சியின் பயனாக, குருதி அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தாக ஜப்பானில் வெளிவந்தது.

பரிசும் புகழும்

1936 இல் ஜப்பான் வேதியியல் கழகம், தம் ஆசான் பெயரால் அமைந்த மஜிமா பரிசை முதன்முதலாக அம்மையாருக்கு வழங்கியது. பெண்கள் கல்லூரி 1949 இல் ஓச்சனோமிசு மகளிர் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, அவர் அதன் பேராசிரியரானார். 1952 இல் ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வை விட்டாரல்லர். 1959 இல் அரசு அவருக்கு ஊதா நாடாப் பதக்கம் அளித்தது. வேரில் ஊதாவைக் கண்டவருக்கு ஊதாவே அணியாயிற்று. 1965 இல் மணிமுடி விருதும் அவரை நாடி வந்தது. 1968 நவம்பர் 8 ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில், அம்மையார் ஃபுக்குவோக்கா நகரில் இயற்கை எய்தினார்.

மறுக்கப்பட்ட கல்வியை அம்மையார் உழைத்துப் பெற்றார். பெற்ற கல்வியைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, தலைமுறை தலைமுறையாக வந்த மாணவியர்க்கு வழங்கினார். 1913 இல் மூவர்க்காகத் திறந்த கதவு, பின்னர் எண்ணற்ற பெண்கள் நுழையும் பெருவாயில் ஆயிற்று. எடுத்த செயல் சிறிதாயினும் அதனைப் பொறுமையோடு முடித்தல் வேண்டும் என்பதும், எளிய பொருளிலும் உண்மை உறைகின்றது என்பதும் அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்களாகும்.