கமீல் பிசாரோ

கமீல் பிசாரோ (சூலை 10, 1830 - நவம்பர் 13, 1903) உணர்வுப்பதிவுவாத இயக்கத்தின் மூத்த ஓவியர் ஆவார். 1874 முதல் 1886 வரை பாரிசில் நடைபெற்ற அவ்வியக்கத்தின் எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்றவர் இவர் ஒருவரே. வயல்வெளிகளையும் சிற்றூர்களையும் வரைந்து பெயர் பெற்ற இவர், முதுமையில் நகரக் காட்சிகளின் பக்கம் திரும்பினார்.

வாழ்க்கை

கரிபியக் கடலில், அக்காலத்தில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமசு தீவில், யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். 1855 இல் பாரிசு வந்தார். 1870 இல் பிரான்சுக்கும் புருசியாவுக்கும் போர் மூண்டபோது குடும்பத்துடன் இலண்டன் சென்றார். லூவ்சியேன் என்னும் ஊரில் இருந்த அவரது வீட்டில் புருசியப் படையினர் தங்கினர். அங்கு விட்டுச் சென்ற ஏறத்தாழ 1500 படைப்புகளுள் சுமார் 40 மட்டுமே எஞ்சின. செசான், கோகன் ஆகியோர் இவரிடம் கற்றனர்.

நகரக் காட்சிகள்

1880களின் இறுதியில் இவருக்குக் கண்ணீர்ப் பையில் அழற்சி ஏற்பட்டது. காற்றும் தூசியும் கண்ணைத் தாக்கியதால் வெளியில் நின்று வரைவது கடினமாயிற்று. திறந்தவெளியில் வரைவதையே உயிராகக் கொண்டிருந்தவருக்கு இது சிறிய இழப்பன்று. ஆகவே விடுதிகளின் மேல்மாடி அறைகளை வாடகைக்கு எடுத்து, சன்னலுக்குள் இருந்தபடியே வரையத் தொடங்கினார். 1896 இல் ரூவான் நகரின் பாலங்களையும் துறைமுகத்தையும் வரைந்தார்.

1897 இல் பாரிசின் ஒரு விடுதியில் தங்கி, மோன்மார்த்ர் பெருந்தெருவை 14 எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். தெரு ஒன்றே, பனிமூட்டம், இளவேனில் காலை, திருவிழா ஊர்வலம் என ஒளியும் கூட்டமும் மட்டும் மாறுகின்றன. மேலிருந்து பார்ப்பதால் மனிதர்களும் குதிரை வண்டிகளும் தூரிகையின் சிறு தீற்றல்களாகவே உள்ளனர். எவருக்கும் முகம் இல்லை. தொடரில் ஒன்று மட்டுமே இரவுக் காட்சி. அதில் மின்விளக்குகள் வெண்புள்ளிகளாகவும், கடைகளின் எரிவாயு விளக்குகள் மஞ்சளாகவும் மின்னுகின்றன. பிசாரோ இதில் கையொப்பமிடவில்லை. அவர் வாழ்நாளில் இது காட்சிக்கு வைக்கப்படவும் இல்லை. இன்று இது இலண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் உள்ளது.

1898 இல் யூதப் படை அதிகாரி டிரைஃபசின் வழக்கால் பாரிசுத் தெருக்களில் யூதர்களுக்கு எதிரான ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பழைய நண்பர் டெகா பிசாரோவிடமிருந்து விலகினார். அந்த மாதங்களிலும் பிசாரோ ஓப்பரா நிழற்சாலையைத் தம் விடுதிச் சன்னலிலிருந்து வரைந்து வந்தார். 1903 இல் லு ஆவ்ர் துறைமுகத்தை வரைந்து முடித்துத் திரும்பிய பின் பாரிசில் காலமானார்.

ஒரு ஓவியத்தின் வரலாறு

மோன்மார்த்ர் தொடரின் இளவேனில் காலை ஓவியம் ஒன்று, பிரெசுலாவைச் சேர்ந்த யூதத் தொழிலதிபர் மாக்சு சில்பர்பெர்க்கிடம் இருந்தது. நாசி ஆட்சியில் அவர் தம் சேகரிப்பை விற்க நேர்ந்தது. பின்னர் இன அழிப்பில் கொல்லப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் ஓவியம் அவரது குடும்பத்தின் உரிமைக்குத் திரும்பியது. 2014 இல் இலண்டன் ஏலத்தில் ஏறக்குறைய 1.97 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது.