புல்லுக்குப் பெயர் வைத்த ஆக்னஸ் சேஸ்



நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்து, கடைசியில் இரண்டு பேப்பர் அரியர்ஸோடு ஊருக்குப் போனவன் நான். அதை எழுதி முடிக்கவே இல்ல. பட்டம் வாங்காதவனுக்குச் சங்கத்தில் என்ன வேலைன்னு இத்தனை வருஷமா ஒதுங்கியே இருந்துட்டேன். இப்போது மலருக்கு எழுதச் சொன்னதும் ஆக்னஸ் சேஸ் அம்மையார்தான் நினைவுக்கு வந்தார்.

1869-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை போய்விட்டார். கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கவில்லை. 1888-இல் திருமணம்; மறு வருஷமே கணவரைக் காசநோய் கொண்டுபோனது. மிச்சம் கடன்தான். புரூஃப் திருத்திப் பிழைத்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் செடிகளைப் பார்த்துப் படம் வரைந்தார். ஹில் என்ற பாதிரியார் தாவரவியல் சொல்லிக் கொடுத்தார். 1903-இல் வாஷிங்டனில், அரசின் வேளாண் துறையில் ஓவியர் வேலை கிடைத்தது. அங்கேதான் ஹிட்ச்காக் என்ற அறிஞரோடு புல் ஆராய்ச்சி.

புல்லைப் பார்த்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். லென்ஸ் வைத்துச் சிறுகதிரைப் பிரித்து, உமிச் செதிலின் நீளம், நரம்பு, ரோமம் எல்லாம் குறிக்கணும். ஏற்கெனவே பெயர் பெற்ற மாதிரிகளோடு ஒப்பிடணும். எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் அது புது இனம். விளக்கம் எழுதி, பெயர் வைத்து, ஒரு மாதிரியை ஹெர்பேரியத்தில் சேர்க்கணும். இப்படி இருவரும் வட அமெரிக்காவின் பானிக்கம் புற்களைப் பற்றி 1910-இல் நூல் வெளியிட்டார்கள். நம்ம சாமையும் பனிவரகும் அந்தப் பேரினம்தான்!

1911-இல் பனாமா ஆய்வுப் பயணத்துக்குப் பெண் என்பதால் இவரைச் சேர்க்கவில்லை. அம்மையார் அசரவில்லை. பின்னாளில் பிரேசில் காடு மலையெல்லாம் அலைந்து ஆயிரக்கணக்கில் புற்களைச் சேகரித்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்கும் போனார். ஹிட்ச்காக் மறைந்தபின் அவருடைய பொறுப்பும் இவரிடம் வந்தது. 1939-இல் ஓய்வு பெற்றும் ஹெர்பேரியத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

1958-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது வயது 89. 1963-இல் காலமானார்.

பட்டம் வரும்வரை அவர் காத்திருக்கல. புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பழைய லென்ஸ் இன்னும் பெட்டியில்தான் இருக்கு. இந்த முறை சந்திப்புக்கு அதையும் எடுத்துக்கிட்டு வரேன். மைதானத்து ஓரத்தில் என்ன புல் முளைச்சிருக்குன்னு சேர்ந்து பார்ப்போமா?