உங்கள் கைப்பேசிக்கு மலாக்கா நேரம் எப்படித் தெரிகிறது? டென்னிஸ் ரிட்சியின் கதை

மலாக்கா, தெங்கேராவில் உங்கள் கைப்பேசி காலை 8 மணி காட்டுகிறது. ஆனால் அதன் உள்ளே ஓடும் கெர்னலுக்கு அது 8 மணி என்றே தெரியாது. இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆச்சு என்று மட்டும்தான் அது எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்தப் பழக்கம் யூனிக்ஸிலிருந்து வந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிட்சி.

யார் இவர்?

1941 செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அதற்கு எட்டு நாள் முன்புதான் மலாயாவின் கடிகாரம் 10 நிமிடம் முன்னே தள்ளப்பட்டு, கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முந்தியதாக ஆனது. இதை மறந்துடாதீங்க, பிறகு தேவைப்படும்.

ரிட்சியின் அப்பா பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. ஹார்வர்டில் படித்த ரிட்சியும் 1967-இல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1969-இல் கென் தாம்சனுடன் யூனிக்ஸ் வேலையில் இறங்கினார். பிறகு சி நிரல்மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் கெர்னலே அந்த மொழியில் மாற்றி எழுதப்பட்டது.

ஒரே ஓர் எண் போதுமா?

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் கெர்னலில், ஊர் நேரம் ஒரே ஓர் எண்ணாக எழுதப்பட்டிருந்தது: கிரீன்விச்சுக்கு மேற்கே 300 நிமிடம். அது பெல் ஆய்வகம் இருந்த நியூ ஜெர்சியின் நேரம். வேறு ஊர் என்றால் எண்ணை மாற்றி, கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

சரி, மாற்றிவிட்டால் போதாதா? நம்ம ஊரையே பாருங்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்கு, தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. ஏழரை எட்டாச்சு. எண்ணை எட்டுக்கு மாற்றினால் புதிய நேரம் சரியாகும். பழைய நேரமெல்லாம் தப்பாகும்.

உங்கள் அம்மா 1975-இல் தெங்கேராவில் காலை 6 மணிக்குப் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜாதகம் கணிக்கும் செயலி எட்டு மணி நேர வித்தியாசத்தைப் போட்டால், கணக்கு அரை மணி பிசகும். லக்னமே மாறிப்போகலாம்.

அதனால்தான் இன்று கெர்னல் விநாடியை எண்ணுகிறது. ஊர் நேரத்தின் விதிகள் வெளியே தனி அட்டவணையில் இருக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கிய அட்டவணை அது. 1905 முதல் 1982 வரை நம் நாடு கண்ட மாற்றங்கள், ஜப்பானியர் காலத்தின் தோக்கியோ நேரம் உட்பட, அதில் உண்டு. நாளை ஓர் அரசு நேரத்தை மாற்றினாலும், அட்டவணையைப் புதுப்பித்தால் போதும். கெர்னலைத் தொட வேண்டாம்.

ரிட்சிக்கும் தாம்சனுக்கும் 1983-இல் டூரிங் விருது கிடைத்தது. தனியாக வாழ்ந்த ரிட்சி, 2011 அக்டோபர் 12-ஆம் தேதி தம் வீட்டில் இறந்து கிடந்தார். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் கெர்னலும் யூனிக்ஸ் வழியில் வந்தவையே.

இனி வீட்டில் யாருக்காவது ஜாதகம் பார்த்தால், 1982-க்கு முன் பிறந்தவருக்குச் செயலி ஏழரை காட்டுகிறதா, எட்டு காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.