செவிவழி வந்த தமிழ்

நுழையும்முன்

குழந்தை எழுத்தைக் கண்ணால் காணும் முன்பே அதன் ஒலியைக் காதால் கேட்டுவிடுகிறது. வீட்டில் கேட்ட ஒலிகளுக்குப் பின்னர்க் கிடைக்கும் வரிவடிவமே எழுத்து. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்கிய சூழலில் வளர்ந்து, பிள்ளைகளுக்குத் தமிழைப் பாட்டாக அளித்த கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

இருமொழிச் சூழலில் இளமை

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தார். பெற்றோர் சிவதாணுப் பிள்ளை, ஆதிலெட்சுமி. இளமையிலேயே தந்தையை இழந்தார். அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. அரசின் மொழி மலையாளம். ஆகவே, வீட்டில் தமிழ் பேசிய பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்க வேண்டியிருந்தது. மேற்கே அருமனை போன்ற ஊர்களில் தமிழும் மலையாளமும் அன்றாடப் பேச்சிலேயே கலந்து வழங்கின. கிழக்கே தேரூரிலோ பேச்சு முழுவதும் தமிழாக இருந்தும், பள்ளிப் பலகையில் தெரிந்தது வேறொரு நெடுங்கணக்கு.

தேசிக விநாயகமும் பள்ளியில் மலையாளம் பயின்றார். தமிழ் இலக்கண இலக்கியங்களை அவருக்குக் கற்பித்தவர், தேரூரை அடுத்திருந்த மடத்தின் தலைவரான சாந்தலிங்கத் தம்பிரான். தாய்மொழிக் கல்வியைப் பள்ளிக்கு வெளியே தேடிப்பெற வேண்டிய நிலையில் வளர்ந்தவரே பின்னாளில் தமிழ்க் குழந்தைகளின் கவிஞரானார்.

எழுத்தும் ஒலியும்

இவ்விரு மொழிகளின் எழுத்துமுறையும் நோக்கத்தக்கது. மலையாளத்தில் ககர இனத்து வல்லொலிகளுக்குத் தனித்தனியே நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழில் எழுத்து ஒன்றே. அதன் ஒலி இடத்தால் வேறுபடும். ‘கல்’, ‘பக்கம்’ என்னும் சொற்களில் வன்மையாகவும், ‘தங்கம்’ என்பதில் மெல்லினத்தை அடுத்து மென்மையாகவும், ‘பகல்’ என்பதில் மேலும் நெகிழ்ந்தும் அது ஒலிக்கிறது. தமிழ் பேசும் வீட்டில் வளரும் குழந்தை இவ்வேறுபாட்டை விதியாகக் கற்பதில்லை, கேட்டே பழகிவிடுகிறது.

எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் எப்போதும் ஒன்றல்ல. மெய்யெழுத்தைத் தனித்துச் சொல்வது அரிதாகையால், நாம் முன்னே ஓர் இகரம் சேர்த்து ‘இக்’, ‘இங்’, ‘இல்’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். இவ்வாறு மட்டும் கற்ற குழந்தை, ‘பல்’ என்னும் சொல்லைக் கண்டால் ‘ப’, ‘இல்’ என்று பிரித்துச் சொல்லித் தயங்கி நிற்கிறது. ‘பல்’ என்ற முழுச்சொல்லைப் பலமுறை பாட்டில் கேட்டுப் பழகிய குழந்தைக்கு அத்தயக்கம் விரைவில் நீங்குகிறது. லகர, ளகர, ழகர வேறுபாடும் அத்தகையதே. ‘வாளை’ மீன், ‘வாழை’ மரம் என்னும் வேறுபாடு நாவிலும் செவியிலும் பதிந்த பின்னரே கையெழுத்தில் பிழையின்றி நிற்கும்.

ஆசிரியர்களுக்கு ஆசிரியர்

கவிமணி முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றினார். கோட்டாற்றில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பின்னர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் பணிபுரிந்தார். திருவனந்தபுரத்தில் அவரிடம் பயின்றோர் பெண்கள். எழுத்தறிந்த பெண் ஒருத்தி வகுப்பறையில் மட்டுமன்றித் தன் வீட்டிலும் ஆசிரியை ஆகிறாள். அவள் மடியே பிள்ளைக்கு முதற்பள்ளி. பெண்களின் உயர்வைத் தம் பாடல்களில் வலியுறுத்திய கவிஞருக்கு இது பொருத்தமான பணியாகும்.

1901ஆம் ஆண்டில் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. ஆயினும், கவிமணியின் பாடல்கள் வழியே தமிழகத்துக் குழந்தைகள் பலரும் முதல் தமிழைப் பாடினர்.

குழந்தைச் செல்வம்

ஓய்வு பெற்றபின் புத்தேரியில் தங்கிய காலத்தில் அவருடைய நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ‘மலரும் மாலையும்’ 1938இல் வெளிவந்தது. குழந்தைப் பாடல்களின் தொகுப்பு ‘குழந்தைச் செல்வம்’ எனப் பெயர் பெற்றது. பசு, கன்று, காக்கை, கிளி, கோழி என்று முற்றத்தில் நின்று பார்த்தால் தெரிகிற உயிர்களே அப்பாடல்களின் பொருள். சொற்கள் சிறியவை, வாக்கியங்கள் குறுகியவை. எதுகையும் இயைபும் ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் செவியில் சேர்க்கின்றன. பசுவும் கன்றும் வரும் புகழ்பெற்ற பாடலில், தாயின் அன்பையும் கன்றின் துள்ளலையும் குழந்தை மனக்கண்ணால் காண்கிறது; அதே வேளையில் தமிழின் இரட்டித்த ஒலிகள் அதன் நாவில் பழகுகின்றன. கற்பிப்பது தெரியாமலே கற்பிப்பது இப்பாடல்களின் சிறப்பு.

நாஞ்சில் நாட்டுச் சமூக வழக்கத்தை எள்ளிய ‘மருமக்கள்வழி மான்மியம்’, புத்தர் வரலாறு கூறும் ‘ஆசிய ஜோதி’, உமர்கய்யாம் பாடல்களின் தமிழாக்கம், காந்தளூர்ச்சாலை குறித்த வரலாற்று ஆய்வு எனப் பெரியோர்க்கான படைப்புகளும் அவருக்குப் புகழ் சேர்த்தன. 1940இல் அவருக்குக் ‘கவிமணி’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. இத்தனை புலமை உடையவர் மூன்று வயதுக் குழந்தையின் நாவுக்கு ஏற்ற சொல்லைத் தேடியதே அவருடைய பெருமை.

நிலைத்த பயன்

1954ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கவிமணி மறைந்தார். ஈராண்டுகள் கழித்து, 1956 நவம்பர் முதல் நாளில், அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கற்கும் நிலையை அவர் காணவில்லை. ஆனால், அந்நாளுக்கு முன்னரே அவர் பாடல்கள் அப்பிள்ளைகளின் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. அரசும் பாடத்திட்டமும் மாறலாம். தாயோ பாட்டியோ பாடும் பாட்டின்வழி மொழி அடுத்த தலைமுறையைச் சென்றடைகிறது. இதனை உணர்ந்து அப்பாட்டை எழுதித் தந்தவர் கவிமணி.

கற்பவை கற்றபின்

1. ககரம் மூவகையாக ஒலிக்கும் சொற்களை உம் ஊர் வழக்கிலிருந்து தொகுத்து அட்டவணைப்படுத்துக.
2. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள குழந்தைக்கு ஒரு பாடலைக் கற்பித்து, அதிலுள்ள சொற்களை எழுத்தில் அடையாளம் காணச் செய்க. அக்குழந்தை தயங்கிய இடங்களைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.